கொய்யா ஜாம் கல்லானது, திராட்சை ஜாம் தண்ணீரானது. இப்போது 5 கிலோ ப்ளம்ஸ் கையில்

மல்லிகைக்கொடி (வத்தலக்குண்டு):

எல்லோருக்கும் வணக்கம். என் கொழுந்தனார் காய்கறி வண்டி ஓட்டுகிறார். நேற்று ராத்திரி கொடைக்கானலிலிருந்து திரும்பும்போது 5 கிலோ ப்ளம்ஸ் கொண்டுவந்து வைத்துவிட்டார். பாதி நன்றாகச் சிவந்திருக்கிறது, பாதிப் பழத்தில் காம்புப் பக்கம் இன்னும் பச்சை தெரிகிறது. பிள்ளைகள் ஆளுக்கு நாலு தின்றுவிட்டு, பல் கூசுகிறது என்று எழுந்து போய்விட்டார்கள். ஜாம் போட ஆசையாக இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே இரண்டு தடவை கெடுத்திருக்கிறேன், அதனால் கை வைக்கவே பயம்.

முதல் தடவை ஆயக்குடி கொய்யா 2 கிலோ. வேகவைத்து, மிக்ஸியில் அடித்து, விதை போக வடிகட்டி, எடைக்கு எடை சீனி போட்டேன். கடையில் வாங்கும் ஜாம் மாதிரி கெட்டியாக வரட்டும் என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் கிளறினேன். இறக்கும்போது சரியாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் கரண்டி உள்ளே இறங்கவில்லை. பாட்டிலை வெந்நீரில் வைத்துத்தான் தோண்டி எடுத்தேன்.

இரண்டாவது தடவை கம்பம் பன்னீர் திராட்சை, ஒன்றரை கிலோ. கொய்யாவில் பட்டது போதும் என்று 20 நிமிடத்தில் இறக்கிவிட்டேன். நிறமும் மணமும் அவ்வளவு அழகு. ஆனால் சர்பத் மாதிரி ஓடியது. இரண்டு பாட்டில் வந்தது. வெளியே வைத்த பாட்டிலில் 15 நாளில் மூடிக்கு அடியில் வெள்ளையாகப் பூஞ்சை. ஃபிரிட்ஜில் வைத்த பாட்டில் இன்னும் கெடவில்லை, இறுகவும் இல்லை.

வீட்டில் தெர்மாமீட்டர் கிடையாது. சமையலறைத் தராசு உண்டு. பெக்டின் பவுடர் எங்கள் ஊர்க் கடையில் கேட்டால் என்னவென்றே தெரியவில்லை. எத்தனை நிமிடம் கிளற வேண்டும்? சீனி எவ்வளவு? தோலை உரிக்க வேண்டுமா? மாமியார் சீனிக்குப் பதில் வெல்லம் போடச் சொல்கிறார், சரிவருமா? பழம் இன்னும் 2 நாள்தான் தாங்கும் போலிருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மலைக்குடில் (திண்டுக்கல்):

கண்ணு, எனக்கு 63 வயது. உன் பிள்ளைகள் சின்னவர்கள் போலிருக்கிறது, உனக்கு என் மகள் வயதுதான் இருக்கும். அதனால் நீ என்றே எழுதுகிறேன், தப்பாக நினைக்காதே. இப்போது திண்டுக்கல்லில் இருக்கிறோம். அதற்கு முன்னால் 27 வருடம் கொடைக்கானலில், செண்பகனூர்ப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் மூன்று ப்ளம்ஸ் மரம் நின்றது. மே, ஜூனில் பழுத்துக் கொட்டும். தின்று தீராது, கொடுத்தும் தீராது, ஜாம்தான் கதி. அதனால் இந்தப் பழத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

முதலில் 'எத்தனை நிமிடம்' என்ற கேள்வியை விட்டுவிடு. கொய்யாவில் கண்ணை நம்பினாய், திராட்சையில் கடிகாரத்தை நம்பினாய். ஜாமுக்கு இரண்டும் உதவாது. அடுப்பில் கொதிக்கிற ஜாம் எப்போதும் இளக்கமாகத்தான் தெரியும். ஆறின பிறகுதான் இறுகும். அடுப்பிலேயே கடை ஜாம் மாதிரி தெரிகிறது என்றால் எப்போதோ தாண்டிப் போய்விட்டது என்று அர்த்தம். அதிரசத்துக்குப் பாகு வைக்கும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டித்தானே பார்க்கிறோம்? அதே மாதிரி இதையும் ஆறவைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பழத்துக்குள்ளேயே ஒரு பசை இருக்கிறது, அதைத்தான் பெக்டின் என்கிறார்கள். பசை, புளிப்பு, சீனி மூன்றும் அளவாகச் சேர்ந்தால் ஜாம் தானாக இறுகும். கொய்யாவில் பசை ஏராளம். திராட்சையில் கொஞ்சம்தான், சாறோ நிறைய. ப்ளம்ஸில் பசையும் உண்டு, புளிப்பும் உண்டு. புதிதாக ஜாம் போடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பழம் நம் பக்கத்தில் கிடைக்காது. பாதிப் பழம் பச்சையாக இருக்கிறது என்று கவலைப்படாதே, அதுதான் உனக்கு லாபம். செங்காயில் பசை அதிகம், கனியக் கனியக் குறைந்துவிடும். முக்கால் பங்கு சிவந்த பழம், கால் பங்கு செங்காய் என்று கலந்து எடுத்துக்கொள். தொட்டால் குழைகிற பழத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடு.

5 கிலோவையும் ஒரே பாத்திரத்தில் போடாதே. முதலில் 1 கிலோ. அடி கனமான, வாய் அகன்ற எவர்சில்வர் பாத்திரம் வேண்டும். அலுமினியம் வேண்டாம், புளிப்புப் பட்டால் ஒரு உலோக வாடை வந்துவிடும். பழத்தைக் கழுவி, காம்பு கிள்ளி, எண்ணிப் போடு. எண்ண மறக்காதே. இந்தப் பழத்தில் கொட்டை சதையை விட்டு வராது, பச்சையாக அறுத்து எடுக்கப் பார்த்தால் பாதிச் சதை அதோடு போய்விடும். முழுசாகப் போட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு, சிறு தீயில் மூடி வை. பத்து நிமிடத்தில் தோல் ஒவ்வொன்றாக வெடிக்கும். மூடியைத் திறந்து பார். சதை மஞ்சளாக இருக்கும், தண்ணீர் வெளிர் ரோஜா நிறத்தில் இருக்கும். இன்னும் பத்து நிமிடம் போனால் தோலில் இருக்கிற சாயமெல்லாம் இறங்கி, மஞ்சளே தெரியாமல் பாத்திரம் முழுக்க நல்ல கருஞ்சிவப்பாக மாறிவிடும். எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. தோலை உரிக்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதே. நிறம், புளிப்பு, பசை மூன்றும் அதில் இருக்கிறது.

தோல் விரலால் நசுக்கினால் கரைகிற அளவுக்கு வெந்த பிறகுதான் சீனி. முன்னாலேயே சீனியைப் போட்டுவிட்டால் தோல் அதற்குமேல் வேகாது, தின்னும்போது ரப்பர் மாதிரி அகப்படும். கண்கரண்டியால் கொட்டைகளை எடுத்து எண்ணிக்கொள். போட்ட பழம் எத்தனையோ அத்தனை கொட்டை வெளியே வந்திருக்க வேண்டும். பிள்ளைகள் தின்கிற பண்டம், பல்லில் கடிபடக் கூடாது.

1 கிலோ பழத்துக்கு 800 கிராம் சீனி. தீயைக் குறைத்து, சீனி முழுக்கக் கரையும்வரை கொதிக்க விடாமல் கிளறு. கரண்டியின் பின்பக்கம் ஒரு மணல்கூட ஒட்டக் கூடாது. அப்புறம் தீயைக் கூட்டிவிடு. இனிமேல் வேகமாகக் கொதிக்க வேண்டும். சிறு தீயில் மணிக்கணக்காக வைத்தால் நிறமும் போகும், மணமும் போகும், பசையும் உடையும். முதலில் நுரை பொங்கி ஏறும். பிறகு நுரை அடங்கி, குமிழி பெரிதாகி, மெதுவாக வெடிக்கும். சத்தமே மாறும். கை நீளமான கரண்டியாகப் பார்த்து எடுத்துக்கொள். தெறித்தால் எண்ணெய் மாதிரி இல்லை, தோலில் ஒட்டிக்கொண்டு சுடும்.

அடுப்பைப் பற்றவைக்கும்போதே ஒரு சின்ன எவர்சில்வர் தட்டை ஃப்ரீசரில் வைத்துவிடு. சத்தம் மாறினதும் அடுப்பை அணைத்துவிட்டு, அரைக் கரண்டி ஜாமைத் தட்டில் விட்டு, ஒரு நிமிடம் மறுபடி ஃப்ரீசரில் வை. எடுத்து விரலால் ஓரத்திலிருந்து மெல்லத் தள்ளு. மேலே பால் ஆடை மாதிரி சுருக்கம் விழுந்தால் ஆயிற்று. விரல் போன வழியை மூடிக்கொண்டு ஓடிவந்தால் இன்னும் மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு மறுபடி பார். பார்க்கும்போதெல்லாம் அடுப்பை அணைக்க வேண்டும், இல்லையென்றால் பார்த்து முடிப்பதற்குள் அது தாண்டிவிடும்.

தராசு இருக்கிறது என்றாயே, அது தெர்மாமீட்டரைவிட மேல். வெறும் பாத்திரத்தைக் கரண்டியோடு சேர்த்து முதலிலேயே நிறுத்து எழுதி வை. 1 கிலோ பழம், 800 சீனி என்றால் முடிவில் ஜாம் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ 350 கிராம் நிற்க வேண்டும். அதற்குமேல் இருந்தால் தண்ணீர் இன்னும் போகவில்லை. அதைவிட ரொம்பக் குறைந்தால் உன் கொய்யா கதைதான்.

தெர்மாமீட்டர் கதையையும் சொல்லிவிடுகிறேன், மலையில் இருந்து யாராவது இதைப் படிக்கலாம். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் மதுரையிலிருந்து ஒன்று வாங்கிவந்தார். 105 டிகிரி வந்தால் ஜாம் தயார் என்று சமையல் புத்தகத்தில் போட்டிருந்தது. 4 கிலோ பழத்தை ஏற்றிவிட்டு அந்த 105-க்காகக் காத்திருந்தேன். 98 வந்தது, 100 வந்தது, ஜாம் மண் சேறு மாதிரி ஆகிவிட்டது, 105 மட்டும் வரவில்லை. அடிபிடித்த வாடை வந்த பிறகுதான் இறக்கினேன். அத்தனையும் குப்பைக்குப் போனது. அன்றைக்கு அழுதேவிட்டேன். பக்கத்து வீட்டில் ஒரு வேதியியல் ஆசிரியை இருந்தார். அவர்தான் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து அதில் தெர்மாமீட்டரை விட்டுக் காட்டினார். 93 தான் காட்டியது. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் கொதிப்பதே அவ்வளவுதான். தண்ணீர் எதில் கொதிக்கிறதோ அதற்குமேல் 4, 5 டிகிரி என்பதுதான் உண்மையான கணக்கு. மலையில் 97, 98 வந்தாலே ஜாம் ஆகிவிட்டது. நீ இருக்கிற வத்தலக்குண்டில் 104-ஐ ஒட்டி வரும்.

உன் பழைய ஜாம்களுக்கு வருகிறேன். கொய்யாவில் தப்பு ஒன்றும் இல்லை, அது கொய்யா அல்வா ஆகிவிட்டது, அவ்வளவுதான். கோவாவில் கிறிஸ்துமஸுக்கு இதையே வேண்டுமென்று இறுக்கக் கிண்டி, வில்லை போட்டு, பெராட் என்று வைத்திருப்பார்கள். அடுத்த தடவை வில்லை போட்டுப் பார். பூஞ்சை பிடித்த திராட்சைப் பாட்டிலை அப்படியே கொட்டிவிடு. ஃபிரிட்ஜில் இருக்கிற பாட்டிலைக் காப்பாற்றலாம். செங்காயாக இரண்டு கொய்யாவைத் துண்டு போட்டு, மூழ்கத் தண்ணீர் விட்டு, அரைமணி வேகவைத்து, கிளறாமல் துணியில் வடித்துக்கொள். பிழியாதே, கலங்கிவிடும். கொழகொழவென்று வருகிற அந்தத் தண்ணீர்தான் நம் ஊர்ப் பெக்டின். அரை டம்ளரும், அரை மூடி எலுமிச்சைச் சாறும் திராட்சை ஜாமில் விட்டு மறுபடி கொதிக்கவைத்து, தட்டில் பார்.

வெல்லம் கெடுதல் இல்லை. நானே பேரிக்காய்க்கு நாட்டுச்சர்க்கரை போட்டிருக்கிறேன், நன்றாக இருந்தது. ஆனால் ப்ளம்ஸுக்குப் போட்டால் அந்தச் சிவப்பு போய்ப் பழுப்பாகிவிடும், வெல்ல வாசனைதான் முன்னால் நிற்கும். மாமியாருக்காக ஒரு சின்னப் பாட்டில் தனியாகச் செய்து கொடு.


பனையோலை (வவுனியா):

மலைக்குடில் அம்மா சொன்னது மெத்தச் சரி. கொய்யா மாதிரிப் பசை நிறைந்தது எங்கள் பக்கத்தில் விளாம்பழம். இலங்கையில் ஜாம் என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது விளாம்பழ ஜாம்தான். கடையில் எம்டி என்ற கம்பெனிப் போத்தலில் வரும், பாணுக்குப் பூசிச் சாப்பிட்டு வளர்ந்த ஆட்கள் நாங்கள். வீட்டில் அம்மம்மா செய்வது அதைவிடக் கறுப்பாகவும் புளிப்பாகவும் இருக்கும்.

விளாம்பழம் வாங்கும்போது அம்மம்மா ஒரு சாண் உயரத்தில் இருந்து சீமெந்து நிலத்தில் போட்டுப் பார்ப்பா. துள்ளினால் காய். 'தொப்' என்று விழுந்து கிடந்தால் பழம். ஓட்டை உடைத்து, சதையைச் சுரண்டிச் சட்டியில் போட்டு, அது மூழ்கி மேலே இரண்டு விரல் நிற்கத் தண்ணி விட்டு, அகப்பையால் மசித்து மசித்துக் காய்ச்ச வேண்டும். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு அரிதட்டில் தேய்த்து விதையும் நாரும் நீக்கிவிட்டு, வந்த களியை நிறுத்து, அதே நிறைக்குச் சீனி. ஒரு சிட்டிகை உப்பு கட்டாயம். உப்புப் போடாத விளாம்பழ ஜாமை அம்மம்மா வாயில் வைக்கமாட்டா. பசை அவ்வளவு இருப்பதால் சீனி கரைந்து கொதித்து 10, 12 நிமிடத்தில் இறுகிவிடும். சட்டியின் அடியைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும், திரும்பினால் பிடித்துவிடும்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். அம்மம்மா ஜாமைப் போத்தலில் விட்டு, வாயில் வெள்ளைத் துணி கட்டி, இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில்தான் மூடுவா. சூட்டோடு மூடினால் மூடியில் தண்ணி வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும் என்பது அவவின் கணக்கு. இப்போது எல்லோரும் சூட்டோடு மூடச் சொல்கிறார்கள். எது சரி?


கிளிமூக்கு (கிருஷ்ணகிரி):

நான் 11 வருடமாக மாங்கூழ் ஆலையில் தரப் பரிசோதனை வேலையில் இருக்கிறேன். எங்கள் வேலை பெரும்பாலும் பெங்களூரா மாம்பழத்தோடுதான், இருந்தாலும் ஜாமும் கொஞ்சம் பார்த்திருக்கிறேன். பூஞ்சை விஷயத்தை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் இதில்தான் வீட்டில் நிறையப் பேர் தவறுகிறார்கள்.

ஜாம் கெடாமல் இருப்பதற்குக் காரணம் சர்க்கரை தண்ணீரைக் கட்டிப் போட்டுவிடுவதுதான். நுண்ணுயிருக்குத் தண்ணீர் இருந்தும் இல்லாத மாதிரி. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி ஜாம் என்று பெயர் போட வேண்டுமானால் கரைந்த திடப்பொருள், அதாவது சர்க்கரையும் பழத்திலிருந்து கரைந்த மற்றதும், 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பழம் 45 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, ஸ்ட்ராபெரி, ராஸ்பெரிக்கு மட்டும் 25 போதும். ஆலையில் இதை அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவியில் ஒரு சொட்டு வைத்து 68-ஐ ஒட்டி வந்ததும் இறக்குவோம். அம்மா சொன்ன எடைக் கணக்கும் இதையேதான் வேறு வழியில் சொல்கிறது. 800 கிராம் சர்க்கரையோடு பழத்தில் இயல்பாக இருக்கிற சர்க்கரையும் மற்றதும் நூறு கிராமுக்குச் சற்று மேல் சேர்ந்தால் 900 சொச்சம். அது 1,350-ல் 67, 68 சதவீதம். சகோதரியின் திராட்சை ஜாம் நிச்சயமாக 60-ஐத் தொட்டிருக்காது.

வவுனியாச் சகோதரி கேட்டது நல்ல கேள்வி. சூட்டோடு மூடுவதும் சரி, முழுக்க ஆறவிட்டு மூடுவதும் பழைய வழக்கம்தான். கெடுதல் எல்லாம் வெதுவெதுப்பாக இருக்கும்போது மூடுவதில்தான். அப்போது மூடியில் ஆவி படிந்து சொட்டும், ஜாமின் மேல்தட்டில் சர்க்கரை நீர்த்துப் போகும், பூஞ்சை சரியாக அந்த இடத்தில்தான் முளைக்கும். ஆனால் இரவு முழுக்கத் திறந்து வைத்தால் காற்றில் இருக்கிற பூஞ்சை விதை விழ நேரம் கிடைக்கிறது. அதனால் நான் சூட்டோடு மூடுவதையே சொல்வேன். அடுப்பிலிருந்து இறக்கிய ஐந்து நிமிடத்துக்குள், 85 டிகிரிக்குக் குறையாமல், வாய் விளிம்புக்குக் கீழே கால் அங்குலம் மட்டும் விட்டு நிரப்பி, விளிம்பைச் சுத்தமான துணியால் துடைத்து, உடனே இறுக்கி மூட வேண்டும். சூட்டில் மூடியின் உள்பக்கமும் சுத்தமாகிவிடும், ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி மூடி இழுத்துப் பிடிக்கும்.

பாட்டிலைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டுச் சூடாக்கி, கொதி வந்த பிறகு 10 நிமிடம் வைக்க வேண்டும். மலையில் இருப்பவர்கள் அதோடு 7, 8 நிமிடம் சேர்க்க வேண்டும், அங்கே கொதிநீரின் சூடே குறைவு. சூடான பாட்டிலைக் கடப்பாக் கல் மேடையில் நேராக வைக்கக் கூடாது, விரிசல் விடும். மரப்பலகையோ நாலாக மடித்த துணியோ போட்டு வையுங்கள். ஊறுகாய் பாட்டில் மூடி வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் எண்ணெய் வாடை உள்ளே இருக்கும்.

மேலே மட்டும் பூஞ்சையை வழித்துவிட்டு அடியில் இருப்பதைச் சாப்பிடுகிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். கண்ணுக்குத் தெரிவது வெள்ளைத் திட்டு மட்டும்தான், சில பூஞ்சைகள் விடுகிற நச்சு ஜாமுக்குள் இறங்கியிருக்கும், கொதிக்கவைத்தாலும் முழுக்கப் போகாது. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒரு பாட்டில் போனால் போகட்டும்.

சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துச் செய்யலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். செய்யலாம், ருசியாகவும் இருக்கும். ஆனால் அது ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று வாரத்துக்குள் தீர்க்க வேண்டிய பண்டம். அலமாரியில் வைக்க முடியாது.


தென்னந்தோப்பு (பொள்ளாச்சி):

குறுக்கே ஒரு சந்தேகம் கேட்டுக்கிறேன், மன்னிக்கணும். நான் அன்னாசியில் போட்ட ஜாம் இறுகி நன்றாகத்தான் வந்தது. ஃபிரிட்ஜில் வைத்து ஒரு மாதம் ஆனதும் உள்ளே சின்னச் சின்னக் கற்கண்டு. அஸ்கா (வெள்ளைச் சர்க்கரை) 1 கிலோ பழத்துக்கு 1 கிலோ 200 போட்டேன், இறுகட்டும் என்று. எலுமிச்சை போடவில்லை.


கிளிமூக்கு (கிருஷ்ணகிரி):

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். புளிப்போடு கொதிக்கும்போது சர்க்கரையில் ஒரு பங்கு குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று இரண்டாகப் பிரியும். அவை இருந்தால் மிச்சச் சர்க்கரை மறுபடி படிகமாகாது. உங்கள் ஜாமில் அஸ்கா அதிகம், புளிப்பு குறைவு, அதனால் பிரியவேண்டிய அளவு பிரியவில்லை. குளிர்ச்சி வேறு சேர்ந்ததும் கற்கண்டாகிவிட்டது. கெட்டுப் போகவில்லை, தாராளமாகச் சாப்பிடலாம். அடுத்த முறை கிலோவுக்குக் கிலோவைத் தாண்டாதீர்கள், இரண்டு எலுமிச்சைச் சாறு ஆரம்பத்திலேயே விடுங்கள். அன்னாசியில் பசை மிகக் குறைவு, அதனால் அம்மா சொன்ன கொய்யாத் தண்ணீர் இதற்கும் பொருந்தும்.


மல்லிகைக்கொடி (வத்தலக்குண்டு):

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று மத்தியானம் போட்டுவிட்டேன், நடந்தது எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

1 கிலோவுக்கு 31 பழம் நின்றது, அதில் 8 செங்காய். பாத்திரமும் கரண்டியும் சேர்த்து 1 கிலோ 140 கிராம், சுவரில் இருக்கிற காலண்டரிலேயே எழுதி வைத்தேன். அம்மா சொன்ன நிறம் மாறுகிற இடத்தைப் பார்க்கப் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூப்பிட்டு ஸ்டூலில் ஏற்றி நிறுத்தினேன். மஞ்சளெல்லாம் கரைந்து சிவப்பாகும்போது சின்னவன், "அம்மா, யாரும் கலர் போடவில்லையே" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

கொட்டை எண்ணினேன், 30 தான் வந்தது. கண்கரண்டியால் மூன்று தடவை துழாவியும் கிடைக்கவில்லை. மாமியார்தான் சீனியைப் போடவிடாமல் நிறுத்தி, அகலமான தாம்பாளத்தில் எல்லாவற்றையும் ஊற்றிப் பரப்பிப் பார்த்தார். ஒரு செங்காய் முழுசாக வேகாமல் தோலுக்குள்ளேயே கொட்டையை வைத்துக்கொண்டு இருந்தது.

சீனி கரைந்து கொதி வந்து, 9 நிமிடத்தில் சத்தம் மாறின மாதிரி இருந்தது. அணைத்துத் தட்டில் விட்டேன், ஓடியது. நிறுத்துப் பார்த்தால் ஜாம் 1 கிலோ 490. மறுபடி 3 நிமிடம், 1 கிலோ 420, கொஞ்சம் சுருங்கின மாதிரி இருந்தது, ஆனால் உறுதியாகத் தெரியவில்லை. இன்னும் 2 நிமிடத்தில் 1 கிலோ 360. இந்தத் தடவை விரலை வைத்துத் தள்ளினதும் பால் ஆடை மாதிரியே சுருங்கியது. அடுப்பில் பார்க்க இன்னும் தண்ணீராகத்தான் இருந்தது. இறக்க மனசே வரவில்லை, நீங்கள் சொன்னதை நம்பித்தான் இறக்கினேன்.

சின்ன பாட்டில் 4 நிறைந்தது. காலையில் மூடியைத் திறந்து கவிழ்த்துப் பார்த்தேன், விழவில்லை, கரண்டி வைத்தால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. பிள்ளைகளுக்குச் சப்பாத்தியில் தடவிச் சுருட்டிக் கொடுத்துவிட்டேன். புளிப்பு முதலில் வந்து இனிப்பு பின்னால் வருகிறது.

இன்று மீதி 4 கிலோவையும் போட்டாக வேண்டும், பழம் குழைய ஆரம்பித்துவிட்டது. செங்காயும் இப்போது கொஞ்சம்தான் மிச்சம். இரண்டு இரண்டு கிலோவாகப் போடலாமா அம்மா? எலுமிச்சை சேர்க்கணுமா? கொய்யாத் தண்ணீரில் திராட்சை ஜாமை இன்னும் தொடவில்லை, ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்.


மலைக்குடில் (திண்டுக்கல்):

படிக்கும்போதே சந்தோஷமாக இருக்கிறது கண்ணு. தாம்பாளத்தில் ஊற்றிப் பார்த்த உன் மாமியார் கெட்டிக்காரி, அந்த யோசனை எனக்கு 27 வருடத்தில் தோன்றவில்லை.

2 கிலோவாகப் போடலாம், ஆனால் பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிறையக் கூடாது, பொங்குவதற்கு இடம் வேண்டும். இடம் போதவில்லை என்றால் கிலோ கிலோவாகவே போடு, நேரமும் பெரிதாக அதிகமாகாது. குழைந்த பழம் என்பதால் கிலோவுக்கு ஒரு எலுமிச்சைச் சாறு பழத்தோடேயே விட்டுவிடு. அந்த எலுமிச்சையின் விதையையும் உள்வெள்ளைத் தோலையும் மெல்லிய துணியில் முடிந்து கூடவே போட்டு, சீனி போடுவதற்கு முன்னால் பிழிந்து எடுத்துவிடு, அதிலும் பசை உண்டு. தண்ணீர் ஒரு டம்ளருக்குப் பதில் அரை டம்ளர் போதும். அழுகினது, வண்டு துளைத்தது ஒன்றுகூடச் சேர்க்காதே, வெட்டி எடுத்துவிட்டாலும் வேண்டாம்.

எல்லாப் பாட்டிலிலும் தேதி எழுதி ஒட்டு. திறக்காத பாட்டில் வெயில் படாத அலமாரியில் ஒரு வருடம் நிற்கும். திறந்ததை ஃபிரிட்ஜில் வைத்து, ஈரமில்லாத கரண்டி போட்டு எடு. கொழுந்தனாருக்கு ஒரு பாட்டில் கொடுத்தனுப்பு. ஆகஸ்ட்டில் அவர் கொடைக்கானலுக்குப் போனால் பேரிக்காய் கொண்டுவரச் சொல், அது பசை குறைந்த பழம், அதற்கு எப்படி என்று அப்போது எழுதுகிறேன்.